கூட இருந்தவர்

திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் ஒரு சந்துக்குள் நாங்கள் மூன்று பேர் அறை எடுத்துத் தங்கிக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான்காவதாக ஒருவர் வந்து சேர்ந்தார். அவருக்கு அப்போது ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

காலையில் பல் தேய்த்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். தலையில் ஒரு சாக்குமூட்டை, ஒரு கையில் பாய்ச்சுருள், இன்னொரு கையில் கயிறு கட்டிய அலுமினியக் குண்டான் என்று ஒருவர் சந்துக்குள் வந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டியிருந்தார். மூட்டையை இறக்காமலேயே கேட்டார்.

"சேகரு ரூமு இதானாப்பா?"

"ஆமாங்க. நீங்க யாரு?"

"நான் அவன் நைனா."

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றிலிருந்து எங்களுக்கும் அவர் நைனாதான். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரால் யாரும் அவரை அழைத்து நான் கேட்டதில்லை.

சேகர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். முந்தின நாள் குடித்தது இன்னும் தெளியவில்லை. சட்டை முன்புறம் முழுக்க வாந்தி காய்ந்திருந்தது. நைனா வாசற்படியில் நின்று அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். எழுப்பவில்லை. மூட்டையை மெதுவாக இறக்கி வைத்தார். பிறகு என்னையும், பாயில் எழுந்து உட்கார்ந்திருந்த இன்னொரு அறைத்தோழன் தாமோதரனையும் பார்த்துக் கேட்டார்.

"நான் கொஞ்ச நாளு உங்ககூட இருக்கலாமாப்பா? ஒரு ஓரமா படுத்துக்கறேன். சமையலு நான் பாத்துக்கறேன்."

தாமோதரன் என்னைப் பார்த்தான். "இருங்க நைனா" என்று நான்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவருக்குத் தண்டராம்பட்டைத் தாண்டி ஒரு சிற்றூர். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் சேகர். வெல்லம் விற்க டவுனுக்கு வந்த ஊர்க்காரர் ஒருவர், பஸ் ஸ்டாண்டின் பின்பக்கம் சேகர் விழுந்து கிடந்ததைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார். வேறு தகப்பனாக இருந்தால் புளிய மிளாறோடு வந்திருப்பார், இல்லையென்றால் படித்தது போதும் என்று கூட்டிப்போய் ஏர் பிடிக்க விட்டிருப்பார். இவர் நிலத்தையும் மாட்டையும் சம்சாரத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கேழ்வரகு மூட்டையோடு பஸ் ஏறிவிட்டார்.

"அடிச்சா பயப்படுவான். பயம் போனதும் திரும்பக் குடிப்பான். ஊருக்கு இட்டுக்கினு போயிட்டா படிப்பு போயிடும். எனக்கு வேற இன்னா பண்றதுன்னு தெரியலப்பா. அதான் சும்மா கூட இருக்கலாம்னு வந்துட்டேன்."

யார் கேட்டாலும் இதே பதில்தான். வீட்டுக்காரர் கேட்டார், அடுத்த அறைக்காரர்கள் கேட்டார்கள், எங்கள் பேராசிரியர் ஒருவர்கூடக் கேட்டார். "சும்மா கூட இருக்கறேங்க" என்பார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பல வருடம் மூடிக் கிடந்த சாராயக்கடைகளை அரசாங்கம் திறந்துவிட்டிருந்த புதிது. எங்களுக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. பரீட்சை முடிந்தால் குடி, முடிவு வந்தால் குடி, தோற்றவனுக்கு ஆறுதல் சொல்லக் குடி. காலையில் ஒரு பன்னும் டீயும், மதியம் ஒரு சிகரெட், சாயங்காலம் பரோட்டா என்றுதான் எங்கள் சாப்பாடு. தாமோதரனுக்கு இருபது வயதிலேயே வயிற்றில் புண். நான் எலும்பும் தோலுமாக இருந்தேன். நானும் தாமோதரனும் வாரக்கடைசியில் மட்டும் குடிக்கிறவர்கள். சேகரும் அப்படித்தான் ஆரம்பித்தான். பிறகு வியாழக்கிழமை வந்தது, செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டாம் வருடப் பாதியில் அவனுக்குக் கிழமை என்பதே இல்லாமல் போயிற்று. மூன்று பேரும் ஒரே பாட்டிலில்தான் தொடங்கினோம். அவனுக்கு மட்டும் ஏன் அப்படி ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நைனா வந்த பிறகு அறையில் அடுப்பு எரிந்தது. விடிந்ததும் களி கிண்டுவார். தெருவில் யார் வீட்டு முருங்கையிலிருந்தோ கேட்டு ஒடித்து வந்த கீரை, கருவாட்டுக் குழம்பு, ஞாயிறு வந்தால் கோழி. "வெறும் வயித்துல காலேஜுக்குப் போவாதீங்கப்பா" என்று மூவருக்கும் தட்டில் வைப்பார். சனிக்கிழமை நல்லெண்ணெயைச் சூடு பண்ணி எங்கள் தலையில் வைத்துத் தேய்ப்பார். தாமோதரன் கூச்சப்பட்டு ஓடுவான். "இங்க வாடா கண்ணு, கண்ணு பாரு எப்டி உள்ள போயிருக்குது" என்று பிடித்து உட்காரவைப்பார். நாலைந்து மாதத்தில் அவன் வயிற்றுவலி என்று சொல்வதையே நிறுத்திவிட்டான். தொளதொளவென்று கிடந்த என் சட்டைகள் இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்தன.

சேகர் எங்கே போனாலும் அவர் பின்னாலேயே போவார். பக்கத்தில் போகமாட்டார், பத்தடி தள்ளி நடப்பார். கல்லூரி வாசலில் ஒரு வேப்பமரம் உண்டு. அதன் கீழே உட்கார்ந்திருப்பார். முதலில் பையன்கள் சிரித்தார்கள். பிறகு அவர் தூக்கில் கொண்டுவரும் மோரை வாங்கிக் குடிக்கப் பழகிக்கொண்டார்கள்.

சேகர் கடைக்குப் போனாலும் அப்படித்தான். இது நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு நாள் சாயங்காலம் சேகர் நேராகச் சாராயக்கடைக்கு நடந்தான். பின்னால் அப்பா வருகிறார் என்று அவனுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான். நைனா தடுக்கவில்லை. கடை வாசலில் கிடந்த கல்லில் உட்கார்ந்துகொண்டார். உள்ளேயிருந்து கடைக்காரர் வந்தார்.

"பெரியவரே, நீங்க இங்க உக்காந்தா வர்றவன் போறவன்லாம் கூச்சப்படறான். யாவாரம் கெடுது."

"எம்மவன் உள்ள இருக்கறாங்க. வந்ததும் கூட்டிக்கினு போயிடறேன்."

"அப்போ உள்ள வந்து இட்டுக்கினு போங்களேன்."

"கைய புடிச்சி இழுத்தா எத்தினி நாளைக்கிங்க இழுக்கறது?"

நைனாவே எழுந்து, எதிர்ப்பக்கம் புளியமரத்தடிக்குப் போனார். அதன் பிறகு அது அவருடைய இடமாகிவிட்டது. எங்கள் கல்லூரிப் பையன்கள் சைக்கிளில் கூட்டமாக வருவார்கள். மரத்தடியில் அவரைக் கண்டதும் இறங்கி, "இன்னா நைனா, நல்லா இருக்கீங்களா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்பார்கள். "நல்லா இருக்கறேன் கண்ணு. சாப்ட்டியா?" என்பார். சாப்பிட்டாயா என்று கேட்டவருக்கு எதிரே கடைக்குள் நுழைவதற்கு மனம் வராமல் பாதிப்பேர் சைக்கிளைத் திருப்பிவிடுவார்கள். அவர் யாரையும் திருப்ப வேண்டும் என்று அங்கே உட்காரவில்லை. உள்ளே போன ஒருவனுக்காக உட்கார்ந்திருந்தார். அவன் மட்டும் திரும்பவில்லை.

அந்த மரத்தடியில் ஒரு வேடிக்கையும் நடந்தது. எங்கள் சந்தில் மாடியறையில் தாடி வைத்த வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் தங்கியிருந்தான். மலையையும் சாமியார்களையும் தேடி வந்தவன். ரோட்டில் போகும்போது, சத்தம் சந்தடிக்கு நடுவில் அசையாமல் ஒரு பெரியவர் மரத்தடியில் உட்கார்ந்திருப்பதைப் பல நாள் கவனித்திருக்கிறான். ஏதோ மகான் என்று நினைத்து ஒரு நாள் கும்பிட்டுவிட்டு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். நைனா மடியிலிருந்து வறுத்த கடலையை எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் பேசாமல் தின்றார்கள். அறைக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்.

"பாவம்ப்பா அந்தப் புள்ள. அத்தயும் தேடிக்கினு அது நைனா எந்த ஊருல உக்காந்திருக்கறாரோ."

சேகர் கெட்டவன் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் இது பாதிச் சித்திரம்தான். கணக்கில் எங்கள் வகுப்பிலேயே கெட்டிக்காரன். அப்பா மீது உயிராக இருந்தான். அவர் குளிக்கும்போது முதுகு தேய்த்துவிடுவான். அவர் தூங்கியதும் துண்டை எடுத்துப் போர்த்துவான். ஒரு நாள் என்னிடம் சொன்னான், "நைனாவ ஏமாத்தணும்னு நான் குடிக்கலடா. தெனமும் காலையில எழுந்துக்கும்போது இன்னிக்கு வேணாம்னுதான் எழுந்துக்கறேன். சாயங்காலம் வேற எவனோ என் கால எடுத்து வச்சி நடக்கறான்." அப்படிச் சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. அன்று சாயங்காலமும் போனான்.

தாமோதரனுக்கு ஒரு யோசனை தோன்றியது. கோயிலுக்குக் கூட்டிப்போய் அண்ணாமலையார் சன்னிதியில் கற்பூரத்தை அணைக்கவைத்துச் சத்தியம் வாங்கிவிடலாம் என்றான். அவனுடைய சித்தப்பா அப்படித்தான் விட்டாராம். நைனா பதறிப்போனார்.

"வேணாம்ப்பா. அத்த மட்டும் பண்ணாதீங்க."

"ஏன் நைனா? சாமிக்குப் பயப்படுவான் இல்ல?"

"பயப்படுவான். ஆனா குடிச்சிடுவான். அப்புறம் சாமி குத்தம் வேற வந்து சேந்துக்கும். இருக்கறது போதாதா அவனுக்கு?"



நைனாவுக்கு வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உண்டு. இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப்பை. கன்னத்தில் எப்போதும் புகையிலையை அடக்கிவைத்திருப்பார். ஒரு நாள் காலை சுருக்குப்பையை அப்படியே கொண்டுபோய் வாசல் சாக்கடையில் போட்டுவிட்டு வந்தார். அன்றும் மறுநாளும் அவர் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். தலையைப் பிடித்துக்கொண்டார். கை அடிக்கடி இடுப்புக்குப் போய்த் திரும்பியது. களி கிண்டும்போது துடுப்பு நழுவி விழுந்தது. தனியா விதையை வாயில் போட்டு மென்றுகொண்டேயிருந்தார். சேகரால் அதைப் பார்க்க முடியவில்லை.

"நீ எதுக்கு நைனா உட்ட? நான்தானே குடிக்கறேன்? என்ன திருத்தணும்னு நீ எதுக்கு இந்தக் கஷ்டப்படணும்?"

"ஒன்ன திருத்தறதுக்கு இல்ல கண்ணு. உடறது எப்டித்தான் இருக்குதுன்னு பாக்கலாம்னுதான் உட்டேன். கஷ்டமாத்தான் இருக்குது. ஒனக்கு இத்தவிட ஜாஸ்தியா இருக்கும்போல."

சேகர் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதான். நானும் தாமோதரனும் வெளியே வந்துவிட்டோம். அந்த வாரம் முழுக்க அவன் குடிக்கவில்லை. அடுத்த வாரம் குடித்தான். நைனா அதன் பிறகு வெற்றிலைப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் வருடம் ஆடி மாதத்தில் சேகருக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண், நகம் எல்லாம் மஞ்சள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் சின்ன வயதுக்காரர். எங்களைவிட ஏழெட்டு வயது கூட இருந்தால் அதிகம். என்னையும் தாமோதரனையும் நைனாவையும் நிற்கவைத்துச் சொன்னார். "இந்த வயசுல ஈரல் தாங்கும்னு நெனச்சிக்கிறீங்க. தாங்காது. இனிமே ஒரு சொட்டுத் தொட்டாலும் என்கிட்ட கொண்டு வராதீங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது." நைனா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"சரிங்க சார். தொடாம இருக்கறதுக்கு எதுனா மருந்து இருக்குதுங்களா?"

டாக்டர் கோபமாகத்தான் பேச வந்தார். நைனா முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"அதுக்கு மருந்து இல்ல பெரியவரே."

அறைக்கு வந்த பிறகு உப்பில்லை, எண்ணெய் இல்லை. காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார். இருந்தது ஒரே அடுப்பு. சேகருக்குச் செய்ததையே அவரும் சாப்பிட்டார், நாங்களும் சாப்பிட்டோம். மெல்ல மெல்ல மஞ்சள் இறங்கியது. சேகர் புத்தகத்தை எடுத்தான். தீபாவளி வந்து போயிற்று, கார்த்திகை தீபமும் போயிற்று, அவன் தொடவில்லை. தீபத்தன்று நாங்கள் நாலு பேரும் சேர்ந்து மலை சுற்றினோம். அடி அண்ணாமலையில் ஒரு கடையில் உட்கார்ந்து சுண்டல் தின்றபோது நைனா ஏதோ சொல்லிச் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

மார்கழியில் ஊரிலிருந்து ஆள் வந்தது. நிலக்கடலை முற்றிவிட்டது, மழை வேறு பிடித்துக்கொண்டது, இப்போது பிடுங்காவிட்டால் மண்ணிலேயே முளைத்துவிடும், சம்சாரம் தனியாக என்ன செய்வாள் என்று. நைனா போக மனமில்லாமல் கிளம்பினார்.

"மல்லாட்ட புடுங்கிப் போட்டுட்டு ஓடியாந்துடறேன். பாத்துக்கங்கப்பா."

நாங்கள் பார்த்துக்கொண்டோம். உண்மையாகவே பார்த்துக்கொண்டோம். ஒருவன் மாற்றி ஒருவன் அவன் கூடவே இருந்தோம். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தோம். சினிமாவுக்குக்கூடப் போகவில்லை. ஆனால் ஒரு மனிதன் எத்தனை கதவு வழியாக வெளியே போக முடியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. மதியம் ஆய்வகத்துக்குள் போனவன் பின்கதவு வழியாகப் போயிருக்கிறான். நாங்கள் ஊரெல்லாம் தேடிவிட்டு வந்தபோது அறை வாசலில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது.

நைனா திரும்பி வந்தபோது தலையில் பச்சைக் கடலை மூட்டை. சேகர் பட்டப்பகலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவர் வாசற்படியில் நின்று மோந்து பார்க்கவெல்லாம் இல்லை. முதுகைப் பார்த்தார். அது போதுமாக இருந்தது. தாமோதரன் அழ ஆரம்பித்துவிட்டான்.

"நாங்க கூடவேதான் நைனா இருந்தோம்..."

"உங்கள இன்னாப்பா சொல்றது? நானே இருந்து இன்னா பண்ணிட்டேன்?"

மூட்டையைப் பிரித்துக் கடலையைக் கழுவினார். குண்டானில் போட்டு வேகவைத்தார். சூடாக எங்கள் கையில் கொடுத்தார். நாங்கள் தின்றோம். வேறு என்ன செய்வது?

படிப்பு முடிந்தது. சேகர் இரண்டு பாடம் எழுதவேயில்லை. நைனா பாயைச் சுருட்டிக்கொண்டு அவனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். தாமோதரனுக்கு ஆரணியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. எனக்குத் திருவண்ணாமலையிலேயே ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. எப்போதாவது தண்டராம்பட்டு ஆட்களைப் பார்த்தால் விசாரிப்பேன். "அப்டியேதான் இருக்கறான். அவன் நைனாதான் பின்னாடியே சுத்திக்கினு இருக்கறாரு" என்பார்கள்.

சேகர் பிழைக்கவில்லை. முப்பதைத் தொடவில்லை. அந்தச் சாவுக்கு நானும் தாமோதரனும் போயிருந்தோம். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன் நைனா என்னைத் தேடி வந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு வேளை. டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒருவர் தயங்கி நிற்பது தெரிந்தது. முடி முழுக்க வெளுத்து, ஆள் பாதியாகியிருந்தார். எழுந்து ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்காரவைத்தேன். சேகரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். வயிறு வீங்கி நீர் கோத்துக்கொண்டதாம். இந்தத் தடவை நீரை எடுத்துவிடலாம், ஆனால் இனிமேல் தொடவே கூடாது என்றார்களாம்.

"வாங்க நைனா, சாப்பிடலாம்" என்றேன்.

"சாப்பாடு கெடக்குது கண்ணு. ஒன்னாண்ட ஒண்ணு கேக்கணும்னு வந்தேன்." நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "நான் அங்க வந்தப்போ நீயும் தாமோதரனும்கூட குடிச்சிக்கினுதானே இருந்தீங்க? நான் கேக்கல, ஆனா எனக்குத் தெரியும்."

"ஆமாம் நைனா."

"அப்புறம் உட்டுட்டீங்க."

"ஆமாம்."

"எப்டி உட்ட? அத்த மட்டும் எனக்குச் சொல்லு. எதுனா சாப்ட்டியா? மனசுல எதுனா நெனச்சிக்கினியா? அந்த நேரம் வர்றப்போ இன்னா பண்ண? ஒண்ணுவிடாம சொல்லு கண்ணு. நான் இப்பவே போயி அவன்கிட்ட சொல்றேன்."

குறிப்பெடுக்க உட்கார்ந்த மாணவனைப் போல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பதில் தெரியும். அவர் எங்கள் அறையில் வந்து பாயை விரித்தார், என் தலையில் எண்ணெய் வைத்தார், சாப்பிட்டாயா என்று கேட்டார். அந்த மனிதருக்கு முன்னால் வாயில் நாற்றத்தோடு பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை போகவில்லை. அடுத்த சனிக்கிழமை நினைப்பே வரவில்லை. நான் எதையும் செய்யவில்லை, எதையும் தாங்கவில்லை. அவர் கூட இருந்தார், நான் விட்டுவிட்டேன். தாமோதரனுக்கும் அவ்வளவுதான். இதை எப்படி அவரிடம் சொல்வது? யாருக்காக வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்து உட்கார்ந்தாரோ, அவனைத் தவிர எங்கள் எல்லாருக்கும் அது பலித்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது?

"தெரியல நைனா" என்றேன். "தானா போயிடுச்சி."

"தானாவா?"

"ஆமாம்."

"தானாவே போவுமா கண்ணு?" என்று மறுபடியும் கேட்டார். அவர் முகத்தில் கோபமோ சந்தேகமோ இல்லை. அப்படிக்கூட நடக்குமா என்கிற ஆச்சரியம்தான் இருந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஒனக்கு ஞாபகம் இருக்காது. தாமோதரன் வயித்துவலிக்காரன், அவனுக்குக் கஷ்டப்பட்டுத்தான் போயிருக்கும். அவன் சொல்லிடுவான். ஆரணியில எந்தப் பள்ளிக்கூடம்?"

சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆரணி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.